பார்த்தால் ஒட்டாது, தொட்டால் ஒட்டும்!
"மெட்ராஸ் ஐ" பரவுவது எப்படி? அலட்சியம் செய்தால் என்ன ஆகும்?

காலையில் கடை திறக்கும்போது கண் உறுத்துகிறது. தூசி விழுந்திருக்கும் என்று கடைக்காரர் கசக்கி விடுகிறார். அதே கையால் கல்லாவைத் திறக்கிறார். மீதிச் சில்லறை கொடுக்கிறார். கடன் நோட்டில் கையெழுத்துப் போட பேனாவை நீட்டுகிறார்.

சாயங்காலம் பார்த்தால் கண் மிளகாய்ப் பழம் போலச் சிவந்து கிடக்கிறது. அதற்குள் அந்தக் கை பட்ட ரூபாய் நோட்டுகள் கோட்டாற்றில் இருந்து பஸ் ஏறி களியக்காவிளை வரை போய்விட்டன!

"மெட்ராஸ் ஐ" எனப்படும் கண் நோய் ஊரைச் சுற்றுவது இப்படித்தான்.

பக்கத்து சீட் காலி

வடசேரி பஸ் நிலையத்தில் ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்சில் ஏறினால் போதும். பக்கத்து சீட்காரர் மெதுவாக எழுந்து பின்னால் போய்விடுவார்.

"எலே, அவன் கண்ணப் பாக்காதல, ஒனக்கும் வந்துரும்" என்று பிள்ளைகளை அதட்டும் தாய்மாரும் உண்டு.

இது தவறு. பார்வையால் எந்தக் கிருமியும் பரவாது. நோயாளியின் கண்ணீரிலும் பீளையிலும்தான் கிருமி இருக்கிறது. அவர் கண்ணைத் தொட்ட கை, கதவுப் பிடியைத் தொடுகிறது. அதே பிடியைத் தொட்ட அடுத்தவர் தன் கண்ணைக் கசக்குகிறார். அவ்வளவுதான், கிருமி குடியேறி விடும்.

கறுப்புக் கண்ணாடி நோய் பரவுவதைத் தடுக்காது. வெளிச்சத்தில் கண் கூசாமல் இருக்கவும், அடிக்கடி கை கண்ணுக்குப் போகாமல் இருக்கவும்தான் அது உதவும்.

பஸ் கம்பி, ரேஷன் கடை கைரேகை இயந்திரம், ஆபீசில் பத்துப் பேர் தொடும் ஒரே பேனா, செல்போன் எல்லாமே இந்தக் கிருமிக்கு வாகனங்கள். காய்ந்த பொருளின் மேல்கூட பல நாள் உயிரோடு இருக்கும் கிருமி இது.

பெயர் வந்த கதை

சென்னை கண் ஆஸ்பத்திரி 1819-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆசியாவிலேயே மிகப் பழைய கண் ஆஸ்பத்திரி இதுதான். அங்கு பணியாற்றிய டாக்டர் கிர்க்பாட்ரிக், சென்னையில் கூட்டம் கூட்டமாக மக்களைப் பிடித்த கண் நோயைப் பற்றி 1920-ல் லண்டன் மருத்துவ இதழில் எழுதினார். "மெட்ராஸ்" என்ற பெயர் இந்த நோயோடு ஒட்டிக்கொண்டது.

அப்போது கிருமி எது என்று யாருக்கும் தெரியாது. 1953-ல்தான் "அடினோ வைரஸ்" பிடிபட்டது.

இதே போன்ற இன்னொரு கண் நோய் 1969-ல் ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டில் கிளம்பியது. அது வேறு வகை வைரஸ். மனிதன் நிலாவில் இறங்கிய சமயம் என்பதால் அங்கே அதற்கு "அப்பல்லோ" நோய் என்று பெயர். 1971-ல் வங்கதேசப் போரின்போது அது மேற்கு வங்காளத்தைப் பிடித்தது. அகதிகளோடு வந்தது என்று சொல்லி, அங்குள்ளவர்கள் "ஜாய் பங்ளா" என்று பெயர் வைத்தார்கள்.

ஒன்றரை லட்சம் பேர்

2022-ல் பருவமழை நேரத்தில் தமிழ்நாடு முழுவதும் இந்த நோய் பரவியது. சுமார் ஒன்றரை லட்சம் பேர் பாதிக்கப்பட்டதாகவும், தினமும் 4 ஆயிரம் பேருக்கு மேல் சிகிச்சைக்கு வருவதாகவும் அப்போது சுகாதார அமைச்சராக இருந்த மா.சுப்பிரமணியன் நவம்பர் மாதம் தெரிவித்தார்.

குமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. ஈரக்காற்றும், ஜன்னல் அடைத்த பஸ்சும், நெருக்கமான வகுப்பறையும் கிருமிக்குக் கொண்டாட்டம்.

அடினோ வைரஸ் உடம்பில் ஏறி 5 முதல் 12 நாள் கழித்துத்தான் கண் சிவக்கும். ஆகவே யாரிடம் இருந்து வந்தது என்று தேடுவது வீண். சிவந்த பிறகும் 10 முதல் 14 நாள் வரை மற்றவருக்குத் தொற்ற வாய்ப்பு உண்டு.

மருந்துக் கடையில் ஆபத்து

"தானா வந்தது, தானா போகும்" என்பது பெரும்பாலும் உண்மை. ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் சிலருக்குக் கருவிழியில் புள்ளிகள் விழுந்து, மாதக்கணக்கில் பார்வை மங்கலாகவே இருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து சொந்த வைத்தியம்.

"அண்ணாச்சி, கண்ணு செவந்து கெடக்கு. போன தடவை தந்தீங்கள்லா, அதே டிராப்ஸ் தாங்க" என்று கேட்டு வாங்குகிறார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு சட்டென்று குறையும். நோய் போய்விட்டது என்ற நினைப்பில் விட்டுக்கொண்டே இருப்பார்கள். கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கெடும். உள்ளே வேறு கிருமி இருந்தால் கருவிழியே புண்ணாகும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது.

ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து வைரசைக் கொல்லாது. தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் விடுவதும் புதுக் கிருமியை உள்ளே அனுப்பும் வேலைதான்.

சிவப்பெல்லாம் மெட்ராஸ் ஐ அல்ல

கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடையின்போது வயலில் வேலை செய்பவர் கண்ணில் நெல் தாளோ உமியோ குத்திவிடும். மறுநாள் கண் சிவக்கும். "ஊரெல்லாம் இருக்குல்லா, அதுதான்" என்று விட்டு விடுவார்கள். அது கருவிழிப் புண்ணாக இருக்கலாம். காளான் கிருமி புகுந்தால் கண்ணே போய்விடும்.

மதுரை மாவட்டத்தில் நடந்த ஒரு ஆய்வு 1996-ல் வெளியானது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக அது கணக்குச் சொல்லியது.

கடுமையான வலி, பார்வை மங்கல், வெளிச்சம் தாங்காமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, ஒரு வாரம் ஆகியும் குறையாத சிவப்பு - இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்குக் கண் சிவந்து பீளை தள்ளினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

சோப்புப் போட்டு அடிக்கடி கை கழுவ வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த சானிடைசர் இந்தக் கிருமியிடம் அவ்வளவாகப் பலிக்காது.

துவர்த்து, தலையணை உறை, சோப்பு, கண் மை எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். ஒருவருக்கு வாங்கிய சொட்டு மருந்தை வீட்டில் எல்லோருக்கும் விடாதீர்கள். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துக் கண்மேல் வைத்தால் எரிச்சல் குறையும்.

பள்ளிப் பிள்ளைகளைக் கண்ணில் நீர் வடிவது நிற்கும்வரை வீட்டில் வையுங்கள். ஆபீஸ் போகிறவர் லீவு போட்டு விடலாம். தினக்கூலிக்காரருக்கு அது முடியாது. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அவரைப் பார்த்து முகம் சுளிப்பதில் பயன் இல்லை. கை கழுவ ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டு சோப்பும் முதலாளி கொடுத்தால், அவர் பிழைப்பும் கெடாது, கடைக்கு வருகிறவர்கள் கண்ணும் கெடாது!