ஐம்பது வயதிலும் இதயம் இளகும், தெரியுமா?

இருபது வயது இளைஞரை மூன்றே வாரம் படுக்கையில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஐந்து பேரைப் படுக்க வைத்தே பார்த்துவிட்டார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தபோது ஆய்வாளர்களே அசந்துபோனார்கள். முப்பது வருட முதுமை பறித்த உடல்திறனைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததுதான் அதிகம்!

அதே டல்லஸில் இன்னொரு அதிசயமும் நடந்தது. அதற்குமுன் சிக்கலைப் பாருங்கள். உட்கார்ந்தே காலம் தள்ளும் நடுவயதுக்காரர்களின் இதயம், வெயிலில் கிடந்த ரப்பர்போல விறைத்துவிடுகிறது. இடது கீழறை தளர்ந்து விரிந்தால்தானே ரத்தம் நிறையும்? விறைத்தால் அழுத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். முற்றினால் இதயச் செயலிழப்பு.

இந்த விறைப்பு நீங்குமா? டல்லஸில் இதை ஆராய்ந்த டாக்டர் பெஞ்சமின் லெவின் குழு, இப்படி உட்கார்ந்தே இருந்த 45 முதல் 64 வயது வரையிலானவர்களை இரண்டு ஆண்டு பயிற்சியில் வைத்தது. 53 பேர் முடித்தார்கள். 2018-ல் முடிவு வந்தது: கடும் பயிற்சி செய்தவர்களின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 18 சதவீதம் கூடியிருந்தது, விறைத்த இதயம் இளகியிருந்தது! யோகா, எடைப்பயிற்சி மட்டும் செய்த இன்னொரு குழுவின் இதயத்தில் இந்த மாற்றம் இல்லை. யோகாவுக்கு வேறு பலன்கள் உண்டு. இந்த வேலைக்கு மூச்சு வாங்கியே ஆக வேண்டும்.

எப்படி என்கிறீர்களா? பெயர் 'நார்வே 4×4'. நான்கு நிமிடம் முழு மூச்சில். மூன்று நிமிடம் மெதுவாக. இப்படி நான்கு முறை. முழு மூச்சு என்றால், ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போலப் பேச முடியாத வேகம். அவர்களும் முதல் நாளே இதில் குதிக்கவில்லை. வாரம் மூன்று நாள், அரைமணி நேர மிதமான பயிற்சியில்தான் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் படிப்படியாகக் கூட்டி, வாரத்தில் நான்கைந்து நாள் என்று வந்தபிறகும் கடும் பயிற்சிக்கு ஓரிரு நாள்தான்.

வேறொரு ஆய்வில், எழுபதை ஒட்டியவர்களை ஓராண்டு பயிற்றுவித்தபோது உடல்திறன் கூடியது. இதய விறைப்பு மட்டும் அசையவில்லை. ஆகவே நாற்பதைத் தாண்டியவர்களே, தள்ளிப்போடாதீர்கள்! ரத்த அழுத்தம், சர்க்கரை, நெஞ்சுவலி, புகைப்பழக்கம் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்றதும், இந்த வாரமே வேகநடையில் தொடங்குங்கள்.