கோடு போடுமுன்

திருப்பதி, சித்தூர் பக்கம் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள் பலர் உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்று, இரயில்வேயில் படம் வரைந்தும் வேலை பார்த்தும் ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஓர் இரவு, சிவில் டிப்ளமோ படிக்கும் அடுத்த வீட்டுப் பெண் மடிக்கணினியோடு வந்து நின்றாள். "தாத்தா, சுவரெல்லாம் சரியா வந்திருக்கு. கதவை எடுத்து வெச்சா எறும்பு மாதிரி ஆயிடுது. நாளைக்குக் காலையில கொடுக்கணும்" என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது.

பார்த்தேன். 3000 நீளச் சுவருக்குப் பக்கத்தில் 900 மில்லிமீட்டர் கதவு, வெறும் 35 அளவில் நின்றது. 900-ஐ 25.4-ஆல் வகுத்தால் வருவது அதுதான். ஓர் அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர் அல்லவா? மில்லிமீட்டர் என்று நினைத்து அவள் வரைந்தது ஓர் அங்குலத் தாளில்! கதவோ மில்லிமீட்டரில் வரைந்தது. கணினி தன் கணக்கைச் சரியாகவே செய்து, கதவைச் சுருக்கிவிட்டது.

ஆட்டோகேடில் புதிய படம் தொடங்கும்போது, எந்த டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்குவது என்று அது கேட்கும். கோலத்துக்கு முதலில் புள்ளி வைப்பதில்லையா? அதைப்போல, அளவு முறை, கோட்டு வகைகள், எழுத்தின் உயரம், லேயர்கள், ஓரக்கோடு, பெயர்க் கட்டம் எல்லாவற்றையும் முன்கூட்டியே அமைத்து வைத்த தாள்தான் டெம்ப்ளேட். மென்பொருளோடு வருபவற்றில் 'ஏகேட்' என்பது அங்குலத்துக்கு, 'ஏகேட் ஐ.எஸ்.ஓ.' என்பது மில்லிமீட்டருக்கு. நம் நாட்டு வேலைக்கு இரண்டாவதே பொருந்தும். முன்னதில் பெரிய மில்லிமீட்டர் படம் வரைந்தால், விட்டுவிட்டு வரவேண்டிய கோடுகூட முழுக்கோடு போலத் தெரியும்.

அந்தப் பெண்ணை 'யூனிட்ஸ்' கட்டளையில் மில்லிமீட்டர் என்று மாற்றி, பழைய கதவை அழித்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னேன். கதவு தன் அளவுக்கு வந்தது. அவள் முகத்திலும் சிரிப்பு வந்தது. "போன வருஷ அக்கா ஒருத்தங்க படத்தைக் காப்பி பண்ணி ஆரம்பிச்சேன் தாத்தா" என்று அப்போதுதான் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு என் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வரைபலகை, டீ ஸ்கொயர், டிரேசிங் துணி, அம்மோனியா நெடி வீசும் அச்சு, இவைதான். ஓர் ஓடைப் பாலத்துக்குப் படம் அவசரமாக வேண்டியிருந்தது. வேறோர் இடத்துப் பாலத்தின் படத்தை அடியில் வைத்து அப்படியே டிரேஸ் எடுத்தேன். நீளத்தையும் உயரத்தையும் மாற்றினேன். மூலையிலிருந்த 'அடித்தளம் பாறை மீது' என்ற ஒரு வரிக் குறிப்பை மாற்றவில்லை. வேலை தொடங்கிய நான்காம் நாள் மேஸ்திரி என்னைத் தேடி வந்தார். "சார், பாறைன்னு போட்டிருக்கீங்க. ஆறடி தோண்டியும் மண்ணுதான் வருது" என்றார்.

வேலையை நிறுத்தி, மண்ணைச் சோதித்து, கணக்கை மறுபடி போட்டுப் புதுப்படம் வரைந்தோம். அந்த மனிதர் கேட்காமல் கல்லை அடுக்கியிருந்தால், அந்தத் தூண் மேல் ஒருநாள் இரயில் போயிருக்கும். கை என்னுடையது, தவறும் என்னுடையதே. அன்று முதல் பழைய படத்திலிருந்து புதுப்படம் தொடங்குவதை விட்டேன்.

டெம்ப்ளேட்டின் அருமை இங்கேதான் இருக்கிறது. எல்லாப் படத்துக்கும் பொதுவானது மட்டுமே அதில் இருக்க வேண்டும். இடத்துக்கு இடம் மாறுவது எதுவும் இருக்கக்கூடாது. அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டால், காலி இடமே 'என்னை நிரப்பு' என்று நம்மைக் கேட்கும். பழைய படமோ எல்லாம் நிரம்பியிருப்பதால் எதையும் கேட்காது.

நம் பக்கத்தையே பாருங்கள். காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி வரும் பாதை முன்பு மீட்டர் கேஜ். தண்டவாள இடைவெளி 1000 மில்லிமீட்டர். இன்று அது அகலப்பாதை, இடைவெளி 1676. குண்டக்கல் கோட்டம் 1977 அக்டோபர் 2 அன்று தெற்கு இரயில்வேயிலிருந்து தென் மத்திய இரயில்வேக்கு மாறியது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி, சித்தூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரானது. பழைய படத்தைக் காப்பி எடுக்கிறவர் கேஜையும், இரயில்வேயின் பெயரையும், மாவட்டத்தையும் சேர்த்தே காப்பி எடுத்துவிடுவார்.

ஆட்டோகேடின் முதல் பதிப்பு 1982-இல் வந்தது. 1997-இல் வந்த 14-ஆம் பதிப்பு முதல் டெம்ப்ளேட்டுக்கு 'டி.டபிள்யூ.டி.' என்று தனிக் கோப்பு வகை உண்டு. அதிலிருந்து 'நியூ' கொடுத்துத் தொடங்கினால் புதிய பெயரில் படம் திறக்கும், மூலத்தாள் கெடாது. பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மில்லிமீட்டர் தாளைத் திறந்து, ஏ3 அளவான 420க்கு 297-இல் ஓரக்கோடு போட்டு, சுவர், கதவு, அளவுக்கோடு, மையக்கோடு என்று லேயர்களைப் பிரித்து, வலது கீழ் மூலையில் பெயர்க் கட்டம் அமைத்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து டெம்ப்ளேட்டாகச் சேமித்துக்கொள்ளலாம். படிப்பு முடியும்வரை உதவும். வேலைக்குப் போனால் அலுவலகத்து டெம்ப்ளேட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதையும் ஒருமுறை திறந்து சரிபார்க்க வேண்டும். அதில் ஒரு பிழை இருந்தால் அடுத்து வரும் நூறு படத்திலும் அதே பிழை இருக்கும்.

அந்தப் பெண் மறுநாள் மாலை வந்து, படத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்றாள். கூடவே தான் செய்த புது டெம்ப்ளேட்டையும் காட்டினாள். பெயர்க் கட்டத்தில் இடம், மாவட்டம், தேதி மூன்றும் காலியாக இருந்தன. அந்த மேஸ்திரியை நினைத்துக்கொண்டேன்.