கடைமடை வயலின் இரு தாவரங்கள்: ரிக்சியாவும் ஆரையும்

காவிரிக் கடைமடையான காரைக்கால் பகுதியில், சுரக்குடி போன்ற சிற்றூர்களின் வயல்கள் வடகிழக்குப் பருவமழையில் நீர் நிறைந்தும் கோடையில் வெடித்தும் கிடப்பவை. இத்தகு நிலத்தில் வாழும் தாவரம் அடுத்த மழை வரை காத்திருக்கும் வழியைப் பெற்றிருத்தல் வேண்டும். இந்திய ஈரநிலங்களில் பரவலாக வளரும் ரிக்சியா டிஸ்கலர் என்னும் ஈரற்செடியையும், ஆரைக்கீரை எனப்படும் மார்சீலியா மைனூட்டா என்னும் வெப்பமண்டலப் பெரணியையும் ஒப்பிட்டால், இவ்வழி இரண்டிலும் நேர்மாறாக அமைந்திருப்பது புலனாகும்.

1851இல் ஹாஃப்மைஸ்டர் விளக்கிய சந்ததி மாற்றமே இதற்கு அடிப்படை. ரிக்சியாவில் கண்ணுக்குப் புலப்படும் பச்சை உடலமாகிய தாலஸ், ஒற்றைமடியக் கேமீட்டகத்தாவரம். வேரும் இலையுமின்றிக் கவைகவையாகக் கிளைத்து மண்ணோடு படிந்திருக்கும். இரட்டைமடிய வித்தகத்தாவரமோ தாலசினுள் புதைந்த ஓர் உருண்டைப் பை மட்டுமே; பாதமும் காம்பும்கூட அதற்கில்லை. தாலஸ் மக்கிய பின்னரே ஸ்போர்கள் வெளிப்படும். தாலசின் நுனிகள் கிழங்குபோல் தடித்து வறட்சியைக் கடப்பதும் உண்டு.

ஆரையில் கீரையாகப் பறிக்கப்படும் நான்கு சிற்றிலைகள் வித்தகத்தாவரத்தின் உறுப்பு. பெரணி என்றதும் இதய வடிவப் புரோதாலசை வரைந்துவிடும் வழக்கம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. அஃது ஆரைக்குப் பொருந்தாது. ஆரை இருவகை ஸ்போர்களை உண்டாக்குவது. பெரியதில் பெண், சிறியதில் ஆண் எனக் கேமீட்டகத்தாவரம் பெரும்பாலும் ஸ்போர் உறைக்குள்ளேயே வளர்ந்து முடிகிறது. ரிக்சியா எச்சந்ததியை உடலுக்குள் ஒளிக்கிறதோ, அதையே ஆரை வெளியே வளர்க்கிறது.

ஆரையின் காத்திருப்பு, உளுந்தினும் சிறிய, கல்லொத்த ஸ்போர்க்கனியில் அமைந்துள்ளது. மார்சீலியாவின் உலர்ந்த கனிகள் பல பத்தாண்டுகள் கழித்தும் முளைத்துள்ளன. ஓடு கீறலுற்று நீர் உட்புகின், கூழ்வளையம் ஒன்று பன்மடங்கு நீண்டு ஸ்போர்ப்பைகளை வெளியே இழுத்துவரும். ஓரிரு நாளில் விந்தணுக்கள் நீந்தத் தொடங்கும். நீரின் தேவை மட்டும் இரண்டிற்கும் பொது. ரிக்சியாவின் விந்தணுவுக்குக் கசையிழைகள் இரண்டு, ஆரைக்குப் பல. எனினும் நீந்தாமல் முட்டையை அடைய இரண்டாலும் இயலாது.

பேரினப் பெயர்கள் இரண்டும், வியப்பாக, இத்தாலியர் இருவரை நினைவுகூர்பவை: ரிச்சி, மார்சிலி. தமிழில் ஆரைக்குத் தனிப்பெயர் உண்டு. ரிக்சியா வழக்கில் பாசியோடு பாசியாக எண்ணப்படுகிறது. ‘ஈரற்செடி’ என்பதும் ஐரோப்பியப் பெயரின் மொழிபெயர்ப்பே.

வகுப்பறையில் இவ்வேறுபாட்டைக் காட்டப் பெருங்கருவி வேண்டியதில்லை. முற்றிய ஆரைக்கனியின் விளிம்பைக் கீறி நீரிலிட்டால் கூழ்வளையம் வெளிவருவதை வெறுங்கண்ணாலேயே காணலாம். ரிக்சியாவுக்கு மெல்லிய குறுக்குவெட்டு தேவை. முற்றிய பைகள் தாலசினுள் கரும்புள்ளிகளாகத் தெரியும்.