ரோமத்தை யார் வாங்குவார்? பண்ணை வைக்குமுன் ஒரு கேள்வி

மைசூர் அக்ரஹாரம் பகுதியில் மாலை வேளையில் நாலு தமிழர்கள் கூடினால், அவர்களில் ஒருவராவது ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவராக இருப்பார். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் பிராவிடண்டு பண்டில் வந்து நிற்கும். "ஊரில் அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. பாங்கியில் போட்டால் வட்டி போதாது. ஏதாவது பண்ணை வைத்தால் என்ன?" என்பது பலரின் யோசனை.

இந்த ஆசைக்குத் தூபம் போட இப்போது செல்போன் இருக்கிறது. வெளிநாட்டில் ஒரு குடும்பம் பத்து அல்பாகா வளர்க்கிறது. ரோமத்தைக் கத்தரித்து, நூற்று, சால்வை பின்னி விற்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பணத்தை இறக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

தாத்தா போட்ட கோட்டு

அல்பாகா என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் நம் வக்கீல்களும் ஹெட்கிளார்க்குகளும் தலைப்பாகையோடு போட்டுக்கொண்ட கறுப்புக் கோட்டு பல வீடுகளில் 'அல்பாகா கோட்டு' என்றே சொல்லப்பட்டது.

தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டீஸ் மலையில், 12 ஆயிரம் அடிக்கும் மேலே மேயும் பிராணி அது. ஒட்டகத்தின் உறவு. பெருவில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு முறை ரோமம் கத்தரிப்பார்கள். ஒரு பிராணிக்கு 2 அல்லது 3 கிலோ கிடைக்கும். முதுகிலும் விலாவிலும் உள்ள ரோமம்தான் உயர்ந்த ரகம். கால், கழுத்து, வயிற்று ரோமம் மட்டம். ஆட்டு ரோமத்தில் இருப்பது போன்ற எண்ணெய்ப் பிசுக்கு இதில் இல்லாததால் கழுவுவது சுலபம்.

இத்தனை நல்ல ரோமமும் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் கேட்பாரற்றுக் கிடந்தது. 1836-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகக் கிடங்கில் கிடந்த மூட்டைகளை பிராட்போர்டு ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட் வாங்கினார். அதை நூற்கும் வழியைக் கண்டு, பருத்திப் பாவில் ஊடையாக ஓட்டித் துணி நெய்தார். அதன் பிறகுதான் உலகம் அல்பாகாவைக் கேட்டு வாங்கியது. பிராணி அதே பிராணிதான். வாங்க ஆள் வந்ததும் மதிப்பு வந்தது.

குட்டிக்கு வந்த விலை

இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. 1984 முதல் அமெரிக்காவில் அல்பாகாக்கள் இறக்குமதியாயின. இனவிருத்திக்கு என்று ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோயிற்று. வாங்கியவர் குட்டியை அடுத்தவருக்கு விற்றார். அவர் அதற்கடுத்தவருக்கு விற்றார். ரோமத்தின் வருமானம் இந்த விலையைத் தாங்காது என்று கலிபோர்னியா பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் இருவர் 2005-ல் எழுதினார்கள். பிறகு விலை சரிந்தது. கடைசியில் வாங்கியவர் கையில் பிராணி மட்டுமே மிஞ்சியது.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் ஈமு கோழித் திட்டங்கள் 2012-ல் கவிழ்ந்ததை மறந்திருக்க மாட்டோம். குஞ்சும் தீவனமும் தருகிறோம், மாதாமாதம் பணம் தருகிறோம் என்றார்கள். ஓய்வூதியப் பணத்தையும் நகையையும் போட்டவர்கள் அநேகர். ஈமு இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் இங்கே போதிய சந்தை இல்லை. புதிதாகச் சேர்ந்தவர் பணம் நின்றதும் எல்லாம் நின்றது. பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் தீனி போட வேண்டி வந்தது. நடத்தியவர்களில் சிலருக்குக் கோவை நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. போட்ட பணத்துக்காகப் பலர் வருஷக்கணக்கில் அலைந்தார்கள்.

பக்கத்திலேயே பாடம்

அயல்நாட்டுப் பிராணி இருக்கட்டும், நம் ஆட்டு ரோமத்தின் கதி என்ன? மைசூருக்கு அருகில் உள்ள பன்னூர் ஆடு கறிக்குப் பேர்போனது. அதன் ரோமத்தை யாரும் தேடி வருவதில்லை. கறிக்கு ஆள் இருப்பதால் அது பிழைக்கிறது.

வடக்கே சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரே கம்பளிக்குப் பெயர் பெற்ற ஊர். தக்காணி ஆட்டின் கறுப்பு ரோமத்தை வில்லால் கொட்டி, பெண்கள் நூற்பார்கள். பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு, குழித்தறியில் நெய்வார்கள். மழைக்கும் பனிக்கும் தாங்கும். குருபர் சமூகத்தில் மங்கல காரியங்களுக்குக் கம்பளி விரிப்பது வழக்கம். ஆனால் மில் போர்வையும் செயற்கை இழையும் மலிவாக வந்தபின் முரட்டுக் கம்பளிக்குக் கிராக்கி குறைந்துவிட்டது. ரோமத்தைவிடக் கறிக்கே மதிப்பு என்று ஆனது.

மைசூரிலிருந்து கூடலூர் வழியாக ஊட்டி பஸ்ஸில் போனால், ஊட்டிக்குச் சற்று முன்னே சாண்டிநல்லா வரும். 1954-ல் ஏற்பட்ட செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. இப்போது தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோயமுத்தூர் ஆட்டோடு மெரினோ முதலிய சீமை ஆடுகளைக் கலந்து உண்டான நீலகிரி ஆடு அங்கே பாதுகாக்கப்படுகிறது. அதன் ரோமம் சுமார் 27 மைக்ரான் கனம். உடுப்புக்கு ஏற்ற மென்மை. இருந்தும் அந்த இனம் அருகிவிட்டது. தேயிலையும் தைல மரமும் மேய்ச்சல் நிலத்தைத் தின்றன. ஓர் ஆடு வருஷத்துக்குத் தருவது சராசரியாக ஒரு கிலோவுக்கும் குறைவு. மில்களுக்கோ ஆஸ்திரேலிய ரோமம் மூட்டை மூட்டையாக வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

எனவே பண்ணை ஆசை உள்ளவர்கள் பிராணியின் விலையை முதலில் விசாரிக்க வேண்டாம். ரோமத்தை வாங்குபவர் யார்? அவர் பிராணியை விற்கும் ஆசாமியேதானா, வேறு ஆளா? போன வருஷம் எத்தனை கிலோ, என்ன விலைக்கு எடுத்தார்? ரசீது காட்டுவாரா? பக்கத்தில் கழுவவும் நூற்கவும் வசதி உண்டா? பிராணிக்கு நோய் வந்தால் பார்க்கத் தெரிந்த டாக்டர் உண்டா? அதை நாட்டுக்குள் கொண்டுவரச் சட்டம் இடம் தருகிறதா?

இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைத்தால் மேலே யோசிக்கலாம். கிடைக்காவிட்டால், ஊரில் கிடக்கும் அரை ஏக்கரில் உள்ளூர்ச் சந்தையில் விலைபோகும் நாலு நாட்டு ஆடு கட்டுவது எவ்வளவோ மேல். ஈமுவில் பணம் போட்டவர்கள் எல்லாம் ஏமாளிகள் அல்ல. அலுவலகத்தில் காலணாக் கணக்கைக்கூடச் சரிபார்த்தவர்கள் அவர்களில் உண்டு. சொந்தப் பணத்தில் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்காமல் விட்டார்கள்.