குச்சியிலிருந்து மாத்திரைக்கு

செஞ்சியை அடுத்த தொண்டூரில் ஓர் இளந்தாய் வசிக்கிறார் என வைத்துக்கொள்வோம். வெளியூரில் இருந்தபோது மேற்கையில் கருத்தடைக் குச்சி பொருத்திக்கொண்டவர். ஒழுங்கற்ற உதிரப்போக்கினால் அலுத்துப்போய், அதை எடுத்துவிட்டு மாத்திரைக்கு மாற விரும்புகிறார். “உடம்பு சற்று ஓயட்டும், அடுத்த மாதவிலக்கு வந்ததும் மாத்திரையைத் தொடங்கலாம்” என்பது அவர் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகப்படும் இக்கணக்கில்தான் ஆபத்து இருக்கிறது.

இந்தக் குச்சி தீக்குச்சியின் அளவே உள்ளது: 4 செ.மீ. நீளம், 2 மி.மீ. பருமன். அதில் 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் அடங்கியுள்ளது. அது நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசிந்து, சினைமுட்டை வெளிப்படுவதைத் தடுக்கிறது. கருப்பைக் கழுத்தின் சளியையும் கெட்டியாக்குகிறது. 1983-இல் பின்லாந்து முதன்முதலாக ஏற்ற ‘நார்பிளான்ட்’டில் ஆறு குச்சிகள் இருந்தன, இன்று ஒன்றே போதும். நம் நாட்டின் அரசுக் குடும்பநலத் திட்டத்தில், 2023-இல் தேர்ந்தெடுத்த சில மாவட்டங்களில் மட்டும் இது புகுத்தப்பட்டது.

குச்சியை அகற்றியதும் என்ன நிகழ்கிறது? ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் இரத்தத்தில் அந்த ஹார்மோன் அளந்தறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. சில வாரங்களிலேயே சினைமுட்டை வெளிப்படக்கூடும். முட்டை வெளிப்பட்டுச் சுமார் இரு வாரங்களுக்குப் பின்னரே மாதவிலக்கு வரும் என்பதை நினைவிற்கொள்க. மாதவிலக்குக்காகக் காத்திருப்பது, திருடன் வந்துபோன பிறகு காவலுக்கு ஆள் தேடுவது போலத்தான்!

ஆகவே, கருவுற்றிருக்கவில்லை என்பது உறுதியானால், குச்சியை எடுத்த அன்றே மாத்திரையைத் தொடங்கிவிடலாம். குச்சியின் காலக்கெடு முடிந்திராவிட்டால் வேறு தடுப்பு தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இன்னும் எச்சரிக்கையான மருத்துவர்கள், எடுப்பதற்கு ஏழு நாள் முன்பே மாத்திரையைத் தொடங்கச் சொல்வதும் உண்டு. கெடு தாண்டியிருந்தால் கதை வேறு: கருவுற்றிருக்கிறாரா எனப் பார்த்துவிட்டு, மாத்திரை தொடங்கிய முதல் ஏழு நாள் ஆணுறையும் பயன்படுத்த வேண்டும்.

அரசு இலவசமாக வழங்கும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் உள்ளன. 21-இல் ஹார்மோன், எஞ்சிய 7 இரும்புச்சத்து. இதில் குச்சியில் இல்லாத ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனும் சேர்ந்திருப்பதால், குச்சி ஒத்துக்கொண்ட எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டுவோர், இரத்தக்கொதிப்பு உள்ளவர், இரத்தக்கட்டி நோய் கண்டவர், கண்ணில் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலியால் வருந்துவோர் ஆகியோர் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான சில மருந்துகள் மாத்திரையின் வலிமையைக் குறைத்துவிடும்.

இன்னொன்று, மறதி. குச்சி தானே வேலை செய்கிறது. ஓராண்டில் 1,000 பெண்களில் ஒருவரே அதை மீறிக் கருவுறுகிறார். மாத்திரையிலோ, நடைமுறையில் 100-க்கு 7 பேர். நாள் தவறாமல் உண்டால் இத்தொகை மிகமிகக் குறைவு. ஹார்மோன் மாத்திரை ஒன்றை மறந்தால், நினைவு வந்த உடனே அதை விழுங்கிவிட்டு வழக்கம்போலத் தொடரலாம். இரண்டுக்கு மேல் தொடர்ந்து விட்டுப்போனால், உடனே ஒன்றை உண்டு தொடர்வதோடு ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். உண்ட மூன்று மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்றை உண்ண வேண்டும்.