லைட்டைப் போடுவது யார்?

வாணியம்பாடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. வேன் வருவதற்குள் சோறு வடித்து, குழம்பு வைத்து, டப்பா கட்ட வேண்டும், நாலரைக்கே எழுந்துவிடுவார். கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் பார்க்கிறவர். டிரம்முக்கு ராத்திரி பகல் கிடையாது. அவர் வீடு திரும்ப நள்ளிரவு தாண்டும். லீவு நாளிலும் அவருக்கு ஒரு மணிக்கு முன்னால் கண் சொக்காது. அந்த அம்மாவுக்கோ ஒன்பதுக்கே கொட்டாவி. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் தூக்கம் மட்டும் ஏன் ஒத்துப்போகவில்லை?

மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். பெரும்பாலோருக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். கண்ணில் படும் வெளிச்சம் அதைத் தினமும் திருத்தி வைக்கிறது. யார் சீக்கிரம் படுப்பவர், யார் கோட்டான் என்பதில் பரம்பரைக்கும் வயதுக்கும் பெரிய பங்கு உண்டு. இளவட்டங்களுக்குத் தூக்கம் பிந்தும், வயதானால் முந்தும். கணவன் மனைவி என்பதற்காக இரண்டு கடிகாரமும் ஒன்றாகிவிடாது.

கூட இருப்பவர்களைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் உயிர் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் சகாக்களும் வௌவால்களை வைத்து இதைக் காட்டினார்கள். முடிவு 1981-இல் வெளிவந்தது. வெளிச்சமே எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். அதே இனத்தின் மற்ற வௌவால்கள் அந்தியில் கிளம்பி விடியலில் திரும்பும்போது, கூண்டில் இருந்ததும் அந்த நேரத்தையே பிடித்துக்கொண்டது. கூட்டமே இல்லாத குகையில் அதன் கடிகாரம் தன் போக்கில் நழுவியது. வேடிக்கை என்னவென்றால், அப்படியே குகைக்குள் வைத்த வேறு குடும்பத்து வௌவால் இந்தக் கூட்டத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரே கூரைக்கு அடியில் இருந்தால் மட்டும் போதாது போலும்.

மனிதர்களுக்கும் சகவாசமே போதும் என்று ஜெர்மன் அறிஞர் யூர்கன் அஷாஃப் ஒரு காலத்தில் நினைத்தார். 1980-களில் இருந்து வந்த சோதனைகள் வெளிச்சமே பெரிய ஆள் என்று காட்டிவிட்டன. ஆக, துணைவர் நம் கடிகாரத்தில் நேராகக் கை வைப்பதில்லை; லைட் சுவிட்சில் வைக்கிறார்.

அங்கேதான் சிக்கல். ஒருவர் வழக்கமாக விழிக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அதற்கு முன் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதற்குப் பின் படுவது முன்னுக்கு இழுக்கும். கணவர் ஒன்பதுக்கு எழுபவர் என்றால் அவருக்கு அந்தத் திருப்பம் ஏழு மணி வாக்கில். மனைவி நாலரைக்குப் போடும் டியூப்லைட்டில் அவர் கண் விழித்துக்கொண்டால், அவர் தூக்கம் இன்னும் பிந்தும். சீக்கிரம் எழுப்பிப் பழக்கலாம் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர் நள்ளிரவுக்கு மேல் வந்து போடும் லைட்டும் மனைவிக்கு அதே வேலையைத்தான் செய்யும். மூடிய இமை வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும் என்பது ஆறுதல்.

ரம்ஜான் மாதத்தில் ஊரில் பாதி வீடுகளில் விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு விளக்கு எரியும்போது இது தெருவுக்கே நடக்கிறது. விடியலுக்கு முன் எழுந்தாலும், ராத்திரி வெளிச்சமும் சாப்பாடும் கூடுவதால் பலருக்குத் தூக்கம் முந்துவதில்லை, பிந்துகிறது.

செய்யக்கூடியது செலவில்லாதது. இரவில் வருகிறவருக்கும் விடியலில் எழுகிறவருக்கும் படுக்கும் இடத்தில் ஜீரோ வாட் பல்பு போதும். பெரிய விளக்கு சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் எரியட்டும். டீயில் உள்ள காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், வேலை முடிகிற நேரத்து டீயைக் கணவர் விடலாம். ஒன்பதுக்கு எழுந்ததும் மொட்டை மாடி வெயிலில் அரை மணி நேரம் நிற்கலாம். நடுவில் கொஞ்ச நாள் தனிப் பாயில் படுத்தால் அக்கம்பக்கம் ஏதாவது பேசும், பேசட்டும்.