காஞ்சிபுரம் வரலாறு உங்க செல்போனில்... மாணவர்கள் 'டிஜிட்டல் டைம்லைன்' செய்வது எப்படி?

கம்ப்யூட்டர் வகுப்பில் 'நம்ம ஊர் வரலாறு' என்று ப்ராஜெக்ட் கொடுத்தால், பத்து ஸ்லைடு போட்டு முடித்துவிடுவதுதான் வழக்கம். அதையே விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் காலக்கோடாக மாற்றலாம். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் உருவாக்கிய 'டைம்லைன் ஜேஎஸ்' முற்றிலும் இலவசம். கோடிங் வேண்டாம், கூகுள் ஷீட் நிரப்பத் தெரிந்தால் போதும்.

இது காஞ்சிக்குப் புதுசும் இல்லை. 8-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் கட்டிய வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுக்குப் போய்ப் பாருங்கள். பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் சிற்பமாக இருக்கிறது. சிலவற்றுக்குக் கீழே கல்வெட்டுக் குறிப்பும் உண்டு. படம், அதற்குக் கீழே விளக்கம்... அப்படியே டைம்லைன்தான்!

எப்படிச் செய்வது?

நைட் லேப் தரும் மாதிரி ஷீட்டை காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு நிகழ்வு. உதாரணமாக அண்ணா பிறந்த நாள்: வருடம் 1909, மாதம் 9, தேதி 15. பிறகு தலைப்பு, இரண்டு வரி விளக்கம், படத்தின் லிங்க். முடிந்ததும் ஷீட்டை 'பப்ளிஷ்' செய்து, அந்த லிங்க்கை டைம்லைன் ஜேஎஸ் தளத்தில் ஒட்டினால் ரெடி.

பெரும்பாலும் சொதப்புவது இரண்டு இடத்தில். முதல் வரிசையில் உள்ள ஆங்கிலத் தலைப்புகளைத் தமிழில் மாற்றக் கூடாது. மாற்றினால் எதுவும் ஓடாது. நடுவில் காலி வரிசையும் விடக் கூடாது.

'சுமார்' என்றால் என்ன செய்வது?

இதுதான் முக்கியம். அத்திவரதர் தரிசனம் 1979, 2019 என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தது சுமார் 640. கைலாசநாதர் கோயில் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். வருடக் கட்டத்திலோ எண் மட்டுமே போட முடியும். 700 என்று போட்டுவிட்டால், பார்ப்பவர் அதையே கட்டிய வருடம் என்று நம்பிவிடுவார். இதற்காகவே 'டிஸ்ப்ளே டேட்' என்று தனிக் கட்டம் இருக்கிறது. அதில் 'சுமார் 700' என்று எழுதினால், திரையில் அதுதான் தெரியும். மார்க் போடும் ஆசிரியர்கள் முதலில் பார்க்க வேண்டிய கட்டம் இது என்பேன்.

கலர் மாற்ற முடியுமா?

முடியும். 'பேக்ரவுண்ட்' கட்டத்தில் நிறத்தின் பெயர், கலர் கோடு அல்லது பட லிங்க் தரலாம். 'குரூப்' கட்டத்தில் கோயில், நெசவு, அரசியல் என்று பிரித்தால் தனித்தனி வரிசையாக ஓடும். ஆசைக்கு அடுக்க வேண்டாம். 20 ஸ்லைடுக்குள் நிறுத்தச் சொல்கிறது நைட் லேப்.

ஒரு எச்சரிக்கை: பப்ளிஷ் செய்த ஷீட்டை லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம். தறி நெய்யும் தாத்தாவின் கதையை ஒரு ஸ்லைடாகத் தாராளமாகச் சேருங்கள். அவரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். வீட்டு முகவரி, போன் நம்பர் மட்டும் வேண்டவே வேண்டாம்.